ஓசிக்கு எடுத்த கல்யாணப் படம்

நெளிசல் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இடிபட்ட வண்டிகளைக் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் படம் எடுப்பது அவன் வேலை. எந்தக் கார் எந்தச் சுவரில் போய் முட்டினாலும், ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றுவதற்கு முன்னால் இவன் போய் நிற்க வேண்டும். முதலில் நாலு மூலையிலிருந்தும் வண்டியை முழுதாக எடுப்பான். அப்புறம் நெளிந்த இடத்தைக் கிட்டத்தில் போய் எடுப்பான். கடைசியில் தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் விளக்கை நீட்டி, வெளியே தெரியாத அடியையும் எடுத்துவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான்.

வேலையில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளெல்லாம் நெளிசலைத் தேடுகிற கண்ணுக்கு நல்லது எதுவும் பொறுக்காது. பக்கத்து மேஜைக்காரருக்குப் புது நாற்காலி வந்தால் இவனுக்கு முதுகு வலிக்கும். எதிர்வீட்டுக்காரர் வண்டி வாங்கினால், அதில் எந்தப் பக்கம் முதல் கீறல் விழும் என்று இவன் மனசு கணக்குப் போடும். ரெண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்த அவன் அக்கா, “உனக்கு அடுப்பே வேண்டாம்டா, வயித்தெரிச்சல்லயே சமைச்சுடலாம்” என்பாள். அவனும் சிரித்துக்கொள்வான். நாற்காலி, வண்டி எல்லாம் ரெண்டு நாள் எரிச்சல். தானாக ஆறிவிடும்.

ஆறாதது ஒன்றுதான். அது மருந்துக்கடைக்காரன் சம்பந்தப்பட்டது.

இவனும் மருந்துக்கடைக்காரனும் வேலை தேடி அலைந்த காலத்தில் சலவைக்கடை மாடியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நல்ல சட்டை ஒன்றுதான். யாருக்கு நேர்முகத் தேர்வோ அவன் போட்டுக்கொள்வான், மற்றவன் பனியனோடு அறையில் உட்கார்ந்திருப்பான். அப்படிப் பழகியவர்கள். பிறகு இவனுக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவன் மருந்துக்கடை வைத்தான். சாயங்காலம் வேலை முடிந்ததும் இவன் நேரே அங்கே போய் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நிற்பான். அந்த இடம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கடைக்கு மேல்மாடியில் பல் டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். நெட்டையான ஆள், வரிசையான பல், வாயைத் திறந்தால் நகைச்சுவை. காலையில் மருந்துக்கடைக்காரனோடு சேர்ந்து பந்து விளையாடப் போனார். மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டார். சாயங்காலம் இவன் போனால், இவன் முழங்கை ஊன்றுகிற இடத்தில் அவர் முழங்கை இருந்தது. “வாங்க வாங்க, உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்” என்று நகர்ந்து இடம் கொடுப்பார். ஆள் கெட்டவராக இருந்தாலாவது வெறுக்கச் சௌகரியமாக இருக்கும். அவர் நல்லவராக இருந்து தொலைத்தார். இவனுடைய கடைவாய்ப் பல்லை ஓசியில் அடைத்துக்கூட விட்டார். அந்தப் பல்லால் கடிக்கும்போதெல்லாம் இவனுக்கு அவர் ஞாபகம் வந்தது.

மருந்துக்கடைக்காரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்று, பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்தும் போடப்போவது தான்தான் என்பதில் இவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. கேட்பதற்கு முன்பே சட்டைத் துணி வாங்கி அக்காவிடம் தைக்கக் கொடுத்துவிட்டான். ஒருநாள் மருந்துக்கடைக்காரன் இவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனான். “மச்சான், படம் நீதான் எடுக்கணும். வேற எவனையும் நான் நம்ப மாட்டேன்” என்றான். இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரியென்று தலையாட்டினான். மறுநாள்தான் தெரிந்தது, பக்கத்தில் நிற்கப்போவது பல் டாக்டர், சாட்சிக் கையெழுத்தும் அவரே.

அக்காவிடம் போய்ச் சட்டை வேண்டாம் என்றான். அவள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பல்லிடுக்கில் இருந்த ஊசியை எடுத்தாள். “தைச்சாச்சு. கேமரா வார் உரசுற இடத்துல வேணும்னா ரெட்டைத் துணி வெச்சுத் தரேன்” என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

ஓசியில் கல்யாணப் படம் எடுக்கிற இதே காரியத்தை வேறு யாராவது செய்யப்போவதாக இவனிடம் வந்து சொல்லியிருந்தால், உட்கார வைத்துப் பாடமே நடத்தியிருப்பான். ஓசியோ காசோ, நாலு வரி எழுதி வைத்துக்கொள். எதற்கு நீ பொறுப்பு, எதற்கு இல்லை என்பது அதில் இருக்கட்டும் என்று சொல்லியிருப்பான். மச்சினனுக்கு வண்டி இரவல் கொடுத்தவர்கள், கூட்டாளிக்குச் சாமான் ஏற்றிப் போனவர்கள், பழகினவர்களுக்குள் என்னத்தை எழுதுவது என்று பெருமை பேசியவர்கள் எல்லோரும் பிறகு ஒர்க்‌ஷாப் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை அவன் எத்தனையோ தடவை பார்த்தவன். ஊருக்குத்தான் உபதேசம். மருந்துக்கடைக்காரனிடம் போய் எழுத்து கேட்டால் நம் நட்புக்கு என்ன மரியாதை என்று இருந்துவிட்டான்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் நிர்வாகி அம்மாள் சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள். இவன் தோளில் தொங்கிய பைகளைப் பார்த்துவிட்டு, ஃபோட்டோகிராஃபரா விருந்தாளியா என்று கேட்டாள். ஃபோட்டோகிராஃபர் என்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விளக்கை எங்கே வைக்கலாம், ஒயரைத் தரையோடு எப்படி ஒட்ட வேண்டும், யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒட்டிய ஒயர்களை அவளே வந்து மிதித்துப் பார்த்துச் சரி சொல்வாளாம். கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவளுக்குப் பின்னால் பல் டாக்டர் சட்டைப்பையில் பூ குத்திக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“நான் ஃபோட்டோகிராஃபர் இல்லை. மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்” என்றான்.

அவளும் வழிவிட்டாள். பைக்குள் கம்பெனியின் விளக்கும் ஸ்டாண்டும் இருந்தன. அதையும் யாரையும் கேட்காமல்தான் எடுத்து வந்திருந்தான்.

விளக்கை மேடைக்குப் பக்கத்தில் வைத்து, ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டினான். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம் வந்தது. மணமகனும் மணமகளும் போட்டார்கள். பல் டாக்டர் குனிந்தபோது அவர் நிழல் தாளில் விழுந்தது. விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் படம் பளிச்சென்று வரும். தனக்குச் சேர வேண்டிய கையெழுத்தை இன்னொருவன் போடுவதை, அதுவும் பளிச்சென்று, தானே எடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாண்டை இழுத்தான். டேப் பிய்ந்துகொண்டு வந்தது. ஒயர் தரையைவிட்டு வளையமாக எழும்பி நின்றது. அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டான்.

அதற்குள் பல் டாக்டர் மைக்கைப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். பேச்சில் மனிதரை அசைக்க முடியாது, கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு காலத்துல இவன் தங்கியிருந்த ரூம்ல கூரை ஒழுகும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பெருமழை. இவன் கட்டில்ல உக்காந்து படிச்சிருக்கான், யாரோ ஒரு ரூம்மேட் விடியற வரைக்கும் குடை பிடிச்சுட்டு நின்னிருக்கான்” என்றார்.

யாரோ ஒரு ரூம்மேட். கூட்டம் கைதட்டியது. குடை பிடித்தவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றிருந்தான். மருந்துக்கடைக்காரன் தன்னைக் கைகாட்டுவான் என்று எதிர்பார்த்தான். அவன் மணமகள் பக்கம் குனிந்து எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ராத்திரி மரத்துப்போன கையின் வலி இவனுக்கு இப்போது வயிற்றில் வந்தது. இப்படி ஒரு பொறாமையை அவன் தன் ஆயுளில் பட்டதில்லை.

பல் டாக்டர் மைக்கை வைத்துவிட்டு, கைதட்டலுக்குத் தலையாட்டியபடி படியிறங்கினார். பாதையில் ஒயர் இருந்தது. இவன் பார்த்தான். பளபளக்கும் ஷூ அதை நோக்கி வருவதையும் பார்த்தான். “பாத்து” என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கித் தரையைக் குறிபார்த்து அமுக்கிவிட்டது. எழும்பி நிற்கும் ஒயர், வந்துகொண்டிருக்கும் ஷூ, வேறொன்றும் இல்லாத ஒரு படம்.

டாக்டர் வேரோடு சாய்ந்த மரம்போல விழுந்தார். வலது கையை ஊன்றி விழுந்தார். நாற்காலிகள் உருண்டன, எல்லோரும் ஓடினார்கள். இவனும்தான் ஓடினான். ஓடிப் போய் என்ன செய்தான் என்று கேட்டால் சொல்லவே வெட்கக்கேடு. நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்தான். கிட்டே போய், காலில் சுற்றிய ஒயரை எடுத்தான். தன் விளக்கு, தன் ஸ்டாண்டு, பிய்ந்த டேப் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்தான். ஒரு கேஸுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும். தனக்கு எதிராகவே தான் சாட்சி சேர்க்கிறோம் என்பது அந்த மண்டையில் ஏறியபோது, டாக்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் மணமகள் வந்து கையை நீட்டினாள். “கார்டைக் குடுங்கண்ணா, இப்பவே காப்பி பண்ணிக்கறேன். உங்களை மறுபடி அலைய விட வேண்டாம்” என்றாள். மறுக்க ஒரு காரணமும் தோன்றாமல் கொடுத்துவிட்டான்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. பல் டாக்டருக்கு வலது கை போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது டாக்டர், “விடுங்க, நானா போய் விழுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க” என்று இவனுக்கே ஆறுதல் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை உட்கார்ந்து அவருக்குப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்து வா என்றான். சொல்லிவிட்டு அடுத்த பழத்தை எடுத்தான்.

அடிபட்டவர் மன்னித்தாலும் கம்பெனி மன்னிக்காது என்பது இவனுக்குத் தெரியாததா? வேலை செய்ய முடியாத மாதங்களுக்கு டாக்டருக்குப் பணம் கொடுக்கப்போவது அவர் காப்பீடு எடுத்திருந்த வேறொரு கம்பெனி. அது அந்தப் பணத்தை யாரிடம் வசூலிக்கலாம் என்று தேடிக்கொண்டு வரும். வந்தது. மண்டபத்தில் விசாரணை, நேரில் வரவும் என்று தகவல் அனுப்பியது.

தன் ஆபீஸ் வக்கீலிடம், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தான். கிழவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவனை ஒரு பார்வை பார்த்தார். “ஓசியில செஞ்சா பொறுப்பும் ஓசியில போயிடும்னு நினைக்கறியா தம்பி? நீ விளக்கு வெச்சா, அது யாரையும் தடுக்கி விடாமப் பாத்துக்க வேண்டியது நீ. காசு வாங்கினாலும் அப்படித்தான், வாங்காட்டியும் அப்படித்தான்” என்றார். மண்டபத்துத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த அம்மாள் ஒயரைப் பார்த்திருப்பாள். விருந்தாளி என்று சொல்லி நுழைந்தது அசட்டுத்தனம் என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. மாப்பிள்ளை அன்றைக்கென்று மண்டபத்துக்கு ஒரு காப்பீடு எடுத்திருந்தான். கல்யாணத்துக்கு ஒத்தாசை செய்கிறவர்களின் கவனக்குறைவையெல்லாம் அது தாங்கும்.

“கவனக்குறைவுன்னா தாங்கும். தெரிஞ்சே விட்டான்னு வந்தா தாங்காது. அப்புறம் அவன் சொந்தக் காசு, வேலை, மானம், எல்லாம் போயிடும். ஒயரைப் பாத்தானா, பாக்கலையா? அவ்வளவுதான் கேஸு” என்று முடித்தார்.

அன்றிலிருந்து இவனுக்கு ஒரே கேள்விதான். அந்த ஷூ படத்தை மருந்துக்கடைக்காரன் பார்த்திருப்பானா? கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. மருந்துக்கடைக்குப் போனான். கவுண்டரில் முழங்கை ஊன்ற யாரும் இல்லை, இடம் காலியாகத்தான் இருந்தது. ஊன்றத் தைரியம் வரவில்லை. மருந்துக்கடைக்காரன் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டே, படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது, விசாரணைக்கு நேரத்துக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னான்.

மண்டபத்தின் அலுவலக அறையில் விசாரணை நடந்தது. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த பெண் அதிகாரி மேஜையில் படங்களைப் பரப்பியிருந்தாள். எல்லாம் மருந்துக்கடைக்காரன் கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் கீழே கேமரா போட்ட எண் இருந்தது. கட்டுப்போட்ட கையோடு டாக்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இவன் கண் தானாக எண்கள்மேல் ஓடியது. கேஸ் படங்களில் நடுவில் ஓர் எண் இல்லையென்றால் யாரோ எதையோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இவன் வேலையில் முதல்நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். மைக்கில் பேசும் டாக்டர், அப்புறம் விழுந்து கிடக்கும் டாக்டர். நடுவில் ஓர் எண் இல்லை. அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. இவன் மருந்துக்கடைக்காரனைப் பார்த்தான். அவன் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் அந்த ஷூ படத்தை நீக்கியிருக்கிறான்.

அதிகாரி இவனிடம் கேள்வியைக் கேட்பதற்கு முன் மருந்துக்கடைக்காரனிடம் திரும்பினாள். இவரை ரொம்ப நாளாகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். ஒயர் எழும்பியிருந்ததை இவர் பார்த்திருக்க வாய்ப்பு உண்டா என்றாள்.

“பாத்திருந்தா சொல்லியிருப்பான் மேடம். அவனை எனக்குத் தெரியும். எனக்காக விடிய விடிய குடை பிடிச்சுட்டு நின்னவன். யாரும் விழறதைப் பாத்துட்டுச் சும்மா நிக்கற ஆள் இல்ல அவன்.”

எந்த வார்த்தைக்காக இவன் வயிறு எரிந்ததோ அந்த வார்த்தை வந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் வராதது, மூணே பேருக்கு முன்னால், பச்சைப் பொய்யோடு சேர்ந்து வந்தது. பார்த்தேன் என்று எழுந்து உண்மையைச் சொல்லலாமென்றால், சொன்ன அடுத்த நிமிஷம் மருந்துக்கடைக்காரன் பொய்ச்சாட்சி ஆவான், படத்தை மறைத்தவன் ஆவான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு டாக்டரை விழ வைத்தவன், இன்றைக்கு வாயைத் திறந்தால் நண்பனையும் விழ வைப்பான். அதிகாரி கேட்டாள். பார்க்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். கவனக்குறைவு என்று அவள் எழுதிக்கொண்டாள். மாப்பிள்ளை எடுத்த காப்பீடு தாங்கிக்கொள்ளும், யாருக்கும் கஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுப் படங்களை அடுக்கினாள்.

வெளியே வந்ததும் இவன் ஓடிப்போய் மருந்துக்கடைக்காரனின் கையைப் பிடித்தான். என்ன சொல்வது என்று தெரியாமல், சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவாய் என்று நினைத்திருந்தேன் என்றான். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வார்த்தை அது. வெளியே வந்தபோது அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

“அது உனக்கு வேணும்னு எனக்குத் தோணவே இல்லடா” என்றான் மருந்துக்கடைக்காரன். கோபமாகச் சொல்லவில்லை. “கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவருக்கு அது பெரிசும் இல்ல.” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். “நீ எனக்கு ஓசியில படம் எடுத்துக் குடுத்தே. நானும் உள்ள உனக்கு ஒண்ணு ஓசியில செஞ்சுட்டேன். இனி உனக்கு நானும், எனக்கு நீயும் எதுவும் செய்ய வேண்டியதில்ல.”

டாக்டர் படியில் நின்று இவர்களுக்காகக் காத்திருந்தார். ஒற்றைக் கையால் ஷூ கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரன் போய் அவர் காலடியில் குந்தி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். எழுந்து அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, படி படியாகப் பார்த்து இறக்கிவிட்டான். வேலை தப்பியது, மானம் தப்பியது, சொந்தக் காசும் தப்பியது. நெளிசலுக்கு அதெல்லாம் அப்போது ஞாபகத்திலேயே இல்லை. தன் எலும்பு ஒன்று முறிந்திருக்கக் கூடாதா என்று அந்த மனுஷனைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு மேல்படியிலேயே நின்றான்.